அவசரமில்லீங்க

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆபீசில் எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் கோபத்துக்கும் ஒரு 'ங்க' போட்டாக வேண்டும். "உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா" என்றுதான் நானும் கேட்டுப் பழகியிருக்கிறேன். வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு, கோயமுத்தூர்க்காரர்கள் எவ்வளவு தன்மையானவர்கள் என்று மெச்சிக்கொள்வார்கள். தன்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தத் தன்மையில் நானும் இன்னொருவரும் சேர்ந்து ஒரு பெண்ணை என்ன செய்தோம் என்று எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பீளமேட்டில் ஒரு பழைய மில் காம்பவுண்டை ஒட்டிய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் ஆறு பேர். சின்ன ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நூல் வியாபாரி என்று பலருக்கும் இணையதளம் செய்து கொடுத்து, அது ஓடுகிற சர்வரையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். சர்வர் என் பொறுப்பு. பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பில் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. மகள் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாள் என்று அப்பாவுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. சர்ச் சபையில் யாராவது கேட்டால், மிஷின் நிக்காமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வாள் என்பார். அதைவிடச் சரியாக நானே சொல்லிவிட முடியாது.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு பரிசோதனை நிலையம் உண்டு. ரத்தம், சதை, நீர் எல்லாம் சோதித்துச் சொல்கிற இடம். சீட்டில் இருக்கிற எண்ணைப் போனில் தட்டினால் பரிசோதனை முடிவு திரையில் வரும். அதைக் காட்டுகிற சின்ன புரோகிராமை, அதாவது ஸ்கிரிப்டை, என் காலத்துக்கு முன்பு யாரோ எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கூட்டம் கூடக் கூட மெதுவாகிவிட்டது. காலை பத்து மணிக்கு ஒருவர் எண்ணைத் தட்டிவிட்டு டீ குடித்து வரலாம் என்கிற நிலை.

ஏன் மெதுவாகியது என்பது எனக்குத் தெரியும். எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு மெஸ் இருக்கிறது. அங்கே முன்பெல்லாம் சாப்பிட வருகிற ஒவ்வொருவருக்கும் புது இலை போடுவார்கள். எழுந்ததும் இலையை எறிந்துவிடுவார்கள். அந்த ஸ்கிரிப்டும் அப்படித்தான். ஒருவர் எண்ணைத் தட்டினால் சர்வர் அதைப் புதிதாக எழுப்பும்; அது முடிவைக் காட்டிவிட்டு அந்த நொடியே செத்துப்போகும். அடுத்தவருக்கு மறுபடியும் புதிதாக எழுப்ப வேண்டும். இருநூறு பேர் ஒரே நேரத்தில் வந்தால் இலை போடவே நேரம் போதாது.

பொங்கல் நோம்பி முடிந்து ஆபீஸ் திறந்த வாரத்தில், முதலாளி இதைச் சரிசெய்யச் சொன்னார். நான் செய்தது இதுதான். ஸ்கிரிப்டைச் சர்வரிடமிருந்து பிரித்தேன். அதை ஓட்டுவதற்கென்றே தனியாக எட்டு வொர்க்கர்களை வைத்தேன். வொர்க்கர் என்றால் ஆள் இல்லை. எப்போதும் விழித்துக்கொண்டே இருக்கிற ஒரு பிராசஸ். ஒருவருக்கு முடிவைக் காட்டியதும் அது சாகாது, அடுத்தவருக்காகக் காத்திருக்கும். ஐந்நூறு பேரைப் பார்த்த பிறகுதான் ஒரு வொர்க்கர் ஓய்ந்து, அதன் இடத்தில் புதிது வர வேண்டும் என்று விதிகள் எழுதிவைக்கிற கான்ஃபிக் ஃபைலில் ஓர் எண்ணும் போட்டேன். கீழே மெஸ்காரரும் அந்தச் சமயத்தில்தான் இலையை விட்டுவிட்டு எவர்சில்வர் தட்டுக்கு மாறியிருந்தார். நானும் தட்டுக்கு மாறினேன், அவ்வளவுதான்.

தட்டு என்றால் கழுவ வேண்டும். மெஸ்காரருக்குத் தெரிந்த இந்த விஷயம் எனக்குத் தோன்றவில்லை.

மாற்றிய பிறகு சோதித்துப் பார்த்தேன். ஐந்து பொய் நோயாளிகளை உண்டாக்கி, ஐந்து பொய் முடிவுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றாகத் தட்டினேன். கண் சிமிட்டுவதற்குள் வந்தது. ஐந்தும் சரி. பரிசோதனை நிலையத்து மேலாளர் போன் செய்து முதலாளியிடம் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினாராம். முதலாளி எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த ஐந்து பேருக்குமே நான் முடிவு எழுதியிருந்தேன். இன்னும் முடிவு வராத ஒரு ஆளை நான் உண்டாக்கவே இல்லை.

ஏழெட்டு வாரம் போயிருக்கும். அந்தப் பக்கத்தின் அடியில் சந்தேகங்களுக்கு என்று எங்கள் ஆபீஸ் எண்தான் போட்டிருக்கும். ஒரு நாள் முற்பகல் அந்த எண்ணுக்கு ஒருவர் கூப்பிட்டார். பின்னால் தறி ஓடுகிற சத்தம். சூலூர்ப் பக்கம் பவர்லூமில் தறி ஓட்டுகிறவர் என்று அவரே சொன்னார். நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் தளம் படுத்துவிட்டதால் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டுதான் பேசினேன்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. லெஃப்ட்டுன்னா இடதுதானுங்க?"

ஆமாங்க என்றேன்.

"என்ற ஊட்டுக்காரிக்கு வலது மாருலதானுங்க கட்டி. வலதுலதான் ஊசி போட்டுச் சதை எடுத்தாங்க. இதுல லெஃப்ட்டுன்னு வந்திருக்குதுங்க."

முடிவு என்னவென்று வந்திருக்கிறது என்று கேட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரர் படித்துச் சொன்னாராம், கெட்டது ஒன்றும் இல்லை, புற்றுநோய் செல் எதுவும் காணவில்லை என்று. அதைத் தாளில் பிரிண்டும் எடுத்து வைத்திருக்கிறாராம். நான், டைப் அடித்தவர்கள் கை தவறி லெஃப்ட் என்று போட்டிருப்பார்கள், முடிவு அதுதான், நீங்கள் பயப்படாதீர்கள் என்று சொன்னேன். சொல்வதற்கு எனக்கு என்ன உரிமை இருந்தது? கண்ணால் பார்க்காமலே சொன்னேன். தறிச் சத்தத்துக்கு நடுவில் அவர் சொன்னார்.

"அவசரமில்லீங்க. உங்களுக்கு நேரம் கெடைக்கறப்ப மாத்திப் போடுங்க."

என்னைத் தொந்தரவு செய்ததற்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தார்.

என்னிடம் ஒரு நோட்டு உண்டு. இடது பக்கம் அவசரம், வலது பக்கம் அவசரமில்லாதது. அவர் சொன்னதை, சீட்டு எண்ணையும் கேட்டு, வலது பக்கத்தில் எழுதினேன். சாயங்காலம் கிளம்புவதற்கு முன் ஞாபகம் வந்து, அந்த எண்ணைத் தட்டியும் பார்த்தேன். 'முடிவு இன்னும் வரவில்லை' என்று வந்தது. அட, பரிசோதனை நிலையத்துக்காரர்களே தப்பைக் கவனித்துத் திருத்துவதற்காக எடுத்துவிட்டார்கள்போல, வேலை மிச்சம் என்று நினைத்தேன். நோட்டில் டிக் போட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். காலையில் அவர் பார்த்தபோது இருந்த முடிவு சாயங்காலம் நான் பார்த்தபோது இன்னும் வரவில்லை. இதைவிட வெளிச்சமாக ஒரு தடயத்தை யார் கையில் கொடுக்க முடியும்? என் கையில் கிடைத்தது. நான் டிக் போட்டேன்.

அதற்குப் பிறகு பதினோரு வாரம்.

ஒரு நாள் பரிசோதனை நிலையத்து மேலாளர் முதலாளிக்குப் போன் செய்து கத்தினார். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் தன் முடிவைப் பார்த்திருக்கிறார். அதில் கர்ப்பப்பை நல்ல நிலையில் இருப்பதாக எழுதியிருந்ததாம். முதலாளி போனை வைத்துவிட்டு இதைச் சொன்னதும் ஆபீஸே சிரித்தது. முதலில் சிரித்தவள் நான்தான். "வாத்தியாருக்கு வாழ்த்துச் சொல்லுங்க" என்று கிண்டல்கூட அடித்தேன். வாய் மூடுவதற்குள் லெஃப்ட் ஞாபகம் வந்துவிட்டது.

ஸ்கிரிப்டைத் திறந்தேன். தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. எழுதியவர் இலைக் காலத்து ஆள். முடிவு வந்திருந்தால் அதை எடுத்து ஓர் இடத்தில் வைத்துக்கொள். அந்த இடம் காலியாக இருந்தால் 'இன்னும் வரவில்லை' என்று காட்டு. அவ்வளவுதான் எழுதியிருந்தார். ஒவ்வொரு தடவையும் புது இலை என்பதால், அந்த இடத்தைத் துடைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்ற வேண்டிய அவசியமே இல்லை. என் வொர்க்கர்கள் சாகவில்லையே. முந்தைய ஆளின் முடிவு அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. முடிவு வந்துவிட்ட ஆள் வந்தால் தன் முடிவையே பார்ப்பார். முடிவு வராத ஆள் வந்தால், தன் பெயருக்குக் கீழே, தனக்கு முன்னால் வந்துபோன யாரோ ஒருவரின் முடிவைப் பார்ப்பார். அன்று சாயங்காலம் நான் தட்டியபோது, ஐந்நூறு முடித்து ஓய்ந்த ஒன்றின் இடத்தில் அப்போதுதான் வந்த புது வொர்க்கர் எனக்கு வாய்த்திருக்கிறது. கழுவின தட்டு எனக்குக் கிடைத்தது, எச்சில் தட்டு தறிக்காரர் வீட்டு அம்மாவுக்குப் போனது.

முதலில் அந்த ஐந்நூறை ஒன்று என்று மாற்றினேன். ஒவ்வொரு வொர்க்கரும் ஒரே ஒருவரைப் பார்த்துவிட்டுச் செத்துவிடும். தளம் பழையபடி மெதுவாகியது. ஆகட்டும். பிறகு யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்று சர்வர் குறித்துவைக்கிற லாக் பதிவுகளை எடுத்து, முடிவு ஏறுவதற்கு முன்பே பக்கத்தைத் திறந்து பார்த்தவர்கள் யார் யார் என்று கணக்கெடுத்தேன். ரொம்பப் பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை, கொழுப்பு. அநேகமாக எல்லாரும் மறுநாளே கவுண்டருக்குப் போய்த் தாளில் அச்சடித்த நிஜ முடிவை வாங்கியிருந்தார்கள். கவுண்டரில் இருக்கிற பெண்ணிடம் போனில் பேசி, வாங்காமல் அலமாரியில் கிடக்கிற கவர்களின் எண்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். மூன்று கவர். முதல் இரண்டும் என் கணக்கில் இல்லாதவை. மூன்றாவது எண்ணை அவள் பாதி சொல்லும்போதே மீதியை நான் சொல்லிவிட்டேன்.

அந்த எண்ணின் நிஜ முடிவு, அவர் எனக்குப் போன் செய்ததற்கு மறுநாள் ஏறியிருந்தது. வலது. புற்றுநோய். அன்றே அவர்களுடைய போனுக்கு, உங்கள் ரிப்போர்ட் தயார் என்று மெசேஜும் போயிருந்தது. முந்தின நாளே ரிப்போர்ட் பார்த்துவிட்டவருக்கு அது எதற்கு?

முதலாளி கெட்டவர் இல்லை. என் தம்பியின் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் எங்கள் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர். அவர் மேலாளரிடம் பேசிவிட்டு வந்து என்னை உட்காரவைத்தார். பரிசோதனை நிலையத்திலிருந்தே அவர்களுக்குச் சொல்லிக்கொள்வார்களாம். மெதுவாக, டாக்டர் மூலமாக, பக்குவமாக. எப்போது என்று கேட்டேன். வக்கீலைக் கலந்துகொண்டு என்றார்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கங்க, அம்மணி. நீங்க போகாதீங்க. போனா நாமதான் தப்புன்னு ஒத்துக்கிட்டமாதிரி ஆயிரும்."

"நாமதானுங்க தப்பு" என்றேன். "தலை அந்தம்மாவோடதுங்க. நம்முளுது தலைப்பாகைகூட இல்லீங்க."

தறிக்காரர் எண்ணுக்கு மூன்று தடவை அடித்தேன், எடுக்கவில்லை. தறிக்குள் நின்றால் போன் சத்தம் கேட்காது. சீட்டுப் பதிவில் அவர்கள் முகவரி இருந்தது. சிங்காநல்லூர் போய், அங்கிருந்து சூலூர் பஸ்.

அந்தப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நான் நினைத்தது அந்த அம்மாவை இல்லை, என் அப்பாவை. எனக்கு ஒன்பது வயதில் தம்பிக்குக் காய்ச்சல் வந்து கழுத்து விறைத்துக்கொண்டது. அப்பா தோப்புக்காரர் வீட்டுக் கேட்டுக்கு வெளியே போய் நின்றார். நானும் கூட நின்றேன். கார் வேண்டும் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா வாயைத் திறந்து முதலில் சொன்னது, "ஒண்ணும் அவசரமில்லீங்க." கார் சும்மா நின்றால், டிரைவர் சாப்பிட்டு முடித்தால், பொழுது சாயுமுன் முடிந்தால். தோப்புக்காரர் கேட்டதை அப்படியே எடுத்துக்கொண்டார். டிரைவர் சாப்பிட்டு முடித்து, பருத்திக்கொட்டை மூட்டையை இறக்கிவைத்துவிட்டுத்தான் வந்தார். தம்பி பிழைத்துக்கொண்டான். ஒரு காது மட்டும் போய்விட்டது. இன்றைக்கும் அவனிடம் பேச வேண்டுமென்றால் இடது பக்கம் போய் நிற்க வேண்டும்.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னவென்று எனக்குத் தெரியாதா? இந்தப் பக்கத்தில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? மேலே இருக்கிறவனிடம் கீழே இருக்கிறவன் சொல்கிற வார்த்தை அது. உயிர் போகிறது என்பதற்கு எங்கள் ஆட்கள் வைத்திருக்கிற சொல் அதுதான். தறி ஓட்டுகிற அந்த ஆள் என்னிடம் அதைச் சொன்னார். நான் தோப்புக்காரர்மாதிரி கேட்டுக்கொண்டேன். ஏசி அறையில் உட்கார்ந்து பத்து வருஷத்தில் எனக்கு அந்தக் காது போய்விட்டது.

லைன் வீடுகள். நடுவில் ஒரு வீட்டு வாசலில் அந்த அம்மா தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கை வேகம், பார்வை கூர்மை. நான் பரிசோதனை நிலையத்து இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறவள் என்று சொன்னதும், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடித்து வரச் சித்தே நேரமாகும் என்றார். அதுவரை காத்திருக்கலாமா என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. அந்த நொடிக்காக இப்போதும் வெட்கமாக இருக்கிறது. காத்திருக்கவில்லை. சொன்னேன். சுற்றி வளைக்காமல், நீங்கள் பார்த்தது வேறு யாரோ ஒருவருடைய முடிவு, உங்களுடையது இது, புற்றுநோய் என்று சொல்லிக் கவரைக் கொடுத்தேன். பஸ் ஏறுமுன் கவுண்டருக்குப் போய், அந்தப் பெண்ணிடம் கெஞ்சி வாங்கிவந்திருந்தேன்.

அவர் கவரைப் பிரிக்கவில்லை. எழுந்துபோய், மாரியம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தாளை எடுத்துவந்தார். மூலையில் குங்குமம். பிரிண்ட் எடுத்த அந்தத் தாள்தான். இதில் நல்லது என்று போட்டிருக்கிறதே என்றார். நான் லெஃப்ட் என்கிற இடத்தைக் காட்டினேன். அப்போதே உங்கள் வீட்டுக்காரர் போன் செய்து கேட்டார், நான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றேன்.

அவர் முகம் மாறியது அப்போதுதான். புற்றுநோய் என்றபோது மாறவில்லை.

"அவரு கேட்டாரா? எப்பக் கேட்டாரு?"

பதினோரு வாரம் முன்பு என்றேன். அவசரமில்லை என்று சொன்னார், அதனால் நானும் என்று வாயில் வந்துவிட்டது. அதைச் சொன்னதற்கு என் நாக்கை அறுத்துப் போட்டிருக்கலாம்.

"அவசரமில்லைன்னு அவரு சொன்னாரு. நான் சொன்னனா?" 'ங்க' இல்லை. "கட்டி ஆருக்கு? என்னைக் கேட்டயா நீ? ரெண்டு பேருமாச் சேந்து மருவாதையாப் பேசிப்போட்டுப் போனை வெச்சுட்டீங்க. ஒருத்தராச்சும் என்ற கிட்டக் குடுக்கல."

தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். அழாதே, அழுதால் நான் உன்னைத் தேற்ற வேண்டியிருக்கும், எனக்கு இப்போது அதற்குத் தெம்பு இல்லை என்றார் அவர். நியாயம்தான். அழுகையை நிறுத்தினேன்.

வீட்டுக்காரர் வந்தார். சட்டையெல்லாம் பஞ்சு. விஷயம் புரிந்ததும் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, அன்றைக்கு நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டுமுங்க, உங்கள் மேல் குத்தமில்லைங்க என்றார். அவர் மனைவி அவரைப் பார்க்கவே இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் ஆஸ்பத்திரி. மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். ஆபரேஷன் செய்தார்கள். அக்குளுக்கும் இறங்கியிருந்தது. பதினோரு வாரத்துக்கு முன்பே வந்திருந்தால் என்று டாக்டரிடம் நான் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ நாள் படுத்துத் தூங்கப் பார்த்திருக்கிறேன். முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது என் வாய் அசையாது. எல்லாரோடும் சேர்ந்து பொதுவாகச் சொல்கிற பாவம் இல்லையே இது.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பரிசோதனை நிலையம் வேறு கம்பெனிக்குப் போகவும் இல்லை. ஸ்கிரிப்டை நான் முதலிலிருந்து திருப்பி எழுதினேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று முதலாளி ஆறுதல் சொன்னார். ஆனை சறுக்கினால் நசுங்குவது ஆனை இல்லைங்க என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

அந்த அம்மாவுக்கு மருந்து ஏற்றுகிற நாட்களில் பக்கத்தில் போய் உட்காருவேன். முதல் இரண்டு தடவை பேசவில்லை. மூன்றாவது தடவை, சாத்துக்குடி உரிக்கத் தெரியாதா உனக்கு என்று திட்டினார். அப்படியே பேச்சு வந்துவிட்டது. ஒருமையில்தான் பேசுவார், எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஒரு நாள் முடியெல்லாம் கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்த லெஃப்ட்டுக்காரி நல்லா இருக்கறாளா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் பார்த்த முடிவுக்கு உரிய அந்த வேறு பெண். லாக் பதிவில் அவர் பெயரை நான் பார்த்திருந்தேன். அதற்கு மேல் அவரைப் பற்றி ஒரு நொடிகூட நினைக்கவில்லை. நன்றாக இருப்பார் என்றேன்.

"இருப்பா. அவளுக்குத்தான் எதுவுமில்லையே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். குரலில் இருந்தது பொறாமைதான். அதை வேறு எதுவாகவும் நான் மாற்றி எழுத மாட்டேன். திரும்பாமலே, இனிமேல் யாராவது போன் செய்தால் நோவு யாருக்கோ அவர்களிடம் போனைக் கொடுக்கச் சொல்லு என்றார். அதை நான் இன்றுவரை செய்துவருகிறேன். போன் செய்கிறவர்கள் சங்கடப்படுவார்கள். அவங்க படுத்திருக்கறாங்க, எதுக்குங்க தொந்தரவு என்பார்கள். நான் விடமாட்டேன். அந்த நோட்டில் இப்போது பக்கம் பிரிப்பதும் கிடையாது.

அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் அவர் போய்விட்டார். வீட்டுக்காரர் போன் செய்து, பதறவேண்டாமுங்க, நிதானமாக வாங்க என்று சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஓடினேன். எடுப்பதற்குள் போய்ச் சேர்ந்தேன். வந்திருந்த சொந்தக்காரர்களிடம் அவர் என்னை, ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூடவே வந்து பார்த்துக்கொண்ட அம்மணி என்றுதான் சொன்னார். ஒருவர் எனக்கு நாற்காலி போட்டார். உட்கார முடியாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, முற்பகலில் ஆபீஸ் போன் அடித்தது. பின்னால் தறிச் சத்தம். மனைவியின் போட்டோவை மாட்டுவதற்காகச் சாமி படத்தை இறக்கினாராம். அந்தப் பிரிண்ட் தாள் கையில் கிடைத்ததாம்.

"ஏனுங்க, ஒரு சந்தேகமுங்க. அவசரமில்லீங்க. அன்னைக்கு அந்த லெஃப்ட்டுன்னு வந்துச்சுங்களே, அதை மாத்திப் போட்டீங்களா?"

கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றேன்.

"மாத்திட்டேனுங்க."

"ரொம்ப சந்தோசமுங்க" என்று சொல்லி, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தார்.

பொய்தான் சொன்னேன். மாற்றுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. அந்த அம்மாவின் பெயருக்கு எதிரில் லெஃப்ட் என்று யாரும் எழுதியதே கிடையாது. வீட்டுக்காரர் முதன்முதலாகப் போன் செய்ததற்கு மறுநாளிலிருந்து, யார் திறந்து பார்த்தாலும் தெரிகிறமாதிரி, ரைட் என்றுதான் அங்கே இருந்தது.